கிடா ரிப்போர்ட்டில் இரண்டு கோடு இருக்கிறது, இது 'டபுள் ஜீன்' தானா?

கொரங்காட்டான்:

வணக்கம். கரூர் மாவட்டத்தில் எங்களுக்கு 14 ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். 42 மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகள் நிற்கின்றன. அப்பா காலத்திலிருந்து அதே வழி ஆடுகள்தான். கிடாவை மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து மாற்றுவோம்.

என் குறை ஒன்றுதான். இரட்டைக் குட்டி விழுவதே இல்லை. நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறவன் நான். போன வருஷம் 39 ஈற்று, அதில் இரட்டை இரண்டே இரண்டு. 41 குட்டியில் விலைக்கு நின்றது 36. கடலைக்கொடி, தவிடு, மேய்ச்சல் ஆள் கூலி எல்லாம் ஏறிக் கிடக்கிற காலத்தில் ஆட்டுக்கு ஒரு குட்டி என்றால் கட்டுபடியாகவில்லை.

அப்பா சொன்ன வழியையும் பார்த்துவிட்டேன். இரட்டை போட்ட ஆட்டின் கிடாக்குட்டியை விற்காமல் நிறுத்தி அதையே பட்டிக் கிடாவாக்கினேன். இப்படி இரண்டு கிடா, ஏழு வருஷம். அவற்றுக்குப் பிறந்த பெட்டைகளும் சொல்லி வைத்தாற்போல ஒற்றைக் குட்டிதான் போடுகின்றன.

இப்போது ஓர் இடத்தில் ஒரு கிடா பார்த்து வைத்திருக்கிறேன். மகாராஷ்டிராவின் பல்டன் பக்கத்துச் சுவர்ணா வழி என்கிறார்கள். எங்கள் கிடாவைவிட உருவத்தில் சின்னது, உடம்பில் கொஞ்சம் ரோமம் உண்டு. விலை 48,000 ரூபாய். அதில் பாதிக்குள் எங்கள் பக்கம் நல்ல மேச்சேரிக் கிடா வந்துவிடும். ஏன் இத்தனை என்று கேட்டால், 'ஜீன் டெஸ்ட் பண்ணின கிடாங்க, டபுள் ஜீன், போட்டா எல்லாம் இரட்டைதான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாய்ச் சின்னச் சின்னக் கோடுகள், மேலே ஒன்று முதல் எட்டு வரை எண்கள். அவர் கிடா ஆறாம் எண். அதற்குக் கீழே சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். வட்டத்துக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடு. 'மத்ததுக்கெல்லாம் ஒத்தக் கோடு, இதுக்கு ரெட்டைக் கோடு, அதான் டபுள்' என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் 48,000 ரூபாய். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இந்தப் படத்தை நம்பலாமா? இரட்டைக் குட்டிக்கு ஜீன் என்பதே உண்மையா? இந்தக் கிடாவைப் புரட்டாசியில் விட்டால் மாசியில் இரட்டை விழுமா?


சந்தைக்காரர்:

இந்த ஜீன் பேச்செல்லாம் நான் நம்புவதில்லை. முப்பது வருஷமாகக் கன்னிவாடிச் சந்தைக்குப் போகிறேன். பலிக்கு (சினைப்பருவத்துக்கு) வருவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்து ஆட்டுக்குக் கைத்தீவனம் போட்டு உடம்பை ஏற்றுங்கள். இளைத்த ஆடு ஒன்று போடும், தேறின ஆடு இரண்டு போடும். 48,000 ரூபாய்க்கு எத்தனை மூட்டை மக்காச்சோளம் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.


ஊசி டாக்டர்:

தம்பி, முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். விற்கிறவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, நீங்கள் விவரிக்கும் படத்தில் ஆறாம் எண் டபுள் இல்லை. சிங்கிள்.

எனக்குக் கால்நடை மருத்துவமனை வேலை முடிந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கொஞ்ச காலம் இந்த ஜெல் ஓட்டும் வேலையும், அதாவது டிஎன்ஏவைக் கூழில் ஓட்டிக் கோடு பார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன். அதனால் கோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஜீன் மாற்றத்தின் பெயர் ஃபெக்-பி. எந்த ஜீனிலும் தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று என்று ஆட்டிடம் இரண்டு பிரதி இருக்கும். இரண்டும் மாறியவை என்றால் பி-பி, ஒன்று மட்டும் மாறியது என்றால் பி-பிளஸ், இரண்டும் பழையவை என்றால் பிளஸ்-பிளஸ் என்று எழுதுவார்கள். ஆய்வகத்தில் இரத்தத்திலிருந்து டிஎன்ஏவை எடுத்து, அந்த ஜீனில் 190 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்குவார்கள். பிறகு ஏவா-2 என்ற நொதியை விடுவார்கள். மாற்றம் உள்ள துண்டை அது 160, 30 என்று இரண்டாக வெட்டும். மாற்றம் இல்லாததைத் தொடாது. அப்புறம் ஜெல்லில் மின்சாரம் கொடுத்து ஓட்டினால் சின்னத் துண்டு வேகமாகக் கீழே இறங்கும், பெரியது மேலேயே நிற்கும். 30 எழுத்துத் துண்டு மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடும். ஆக பிளஸ்-பிளஸ் ஆட்டுக்கு மேலே ஒரே கோடு. பி-பிக்குக் கீழே ஒரே கோடு. இரண்டு இடத்திலும் கோடு இருந்தால் ஒரு பிரதி வெட்டுப்பட்டது, ஒரு பிரதி வெட்டுப்படாதது. அதாவது பி-பிளஸ். எத்தனை கோடு என்று எண்ணிப் பயனில்லை, எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நொதி சரியாக வேலை செய்யாமல் பாதியில் நின்றால் பி-பி ஆடுகூட இரண்டு கோடு காட்டும். எனக்கே ஒரு தடவை அப்படி ஆகி, ஒரு நாள் முழுக்க மறுபடி ஓட்டினேன். அதனால்தான் ஒழுங்கான இடத்தில், முன்பே தெரிந்த பி-பி, பிளஸ்-பிளஸ் மாதிரிகளையும் அதே ஜெல்லில் சேர்த்து ஓட்டுவார்கள். உங்கள் படத்தில் அப்படி எதுவும் குறித்திருக்கிறதா?

ஜீன் உண்மையா என்றால், உண்மை. நம் நாட்டுச் சரக்குதான் அது. சுந்தரவனத்தில் கரோல் என்று ஒரு செம்மறி இருக்கிறது. வளர்ந்த பெட்டையே பத்துப் பன்னிரண்டு கிலோதான் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்று மேயும், இரட்டையும் மூன்றும் அதற்குச் சாதாரணம். 1792, 1793-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வங்காள ஆடுகள் வழியாகத்தான் இது அங்கே போனது என்று கருதுகிறார்கள். அங்கே கூமா ஊருக்குப் பக்கத்தில் பூரூலா என்ற பண்ணையில் சீயர்ஸ் சகோதரர்கள், நாலும் ஐந்துமாகப் போட்ட மெரினோ வழிகளைக் கழிக்காமல் தனியாகச் சேர்த்து வைத்தார்கள். 1958-இல் அந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ அந்த மந்தையிலிருந்து ஆடுகளை வாங்கியது. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்துத்தான், இது பல ஜீன் சேர்ந்து செய்கிற வேலை இல்லை, ஒற்றை ஜீன் என்று கண்டார்கள். 2001-இல் பிரான்ஸ், நியூசிலாந்து, ஸ்காட்லாந்து என்று மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்த இடத்தைப் பிடித்தன. ஆறாவது குரோமோசோமில் பிஎம்பிஆர்-1பி என்ற ஜீன், அதில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அவ்வளவுதான். அந்த மாற்றத்தால் சினைப்பையில் ஒரு பருவத்துக்கு ஒரு முட்டை முற்றுவதற்குப் பதிலாக இரண்டு மூன்று முற்றுகின்றன. மெரினோவில் ஒரு பிரதிக்கு ஒன்றரை முட்டையும், இரண்டு பிரதிக்கு மூன்று முட்டையும் கூடுதல் என்று கணக்கு.

பல்டன் கதையும் இதுதான். அங்கே நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் கரோலைக் கொண்டுவந்து தக்காணி ஆட்டோடு சேர்த்தார்கள். கரோல் உருவத்தில் சின்னது என்பதால் திரும்பத் திரும்பப் பெரிய இனத்தோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏ பார்த்து ஜீன் உள்ளதை மட்டும் நிறுத்தி, உடம்பு தக்காணி மாதிரியும் சினைப்பை கரோல் மாதிரியும் இருக்கிற சுவர்ணாவை உருவாக்கினார்கள். ராஜஸ்தான் அவிகாநகரிலும் கரோல், மால்புரா, பட்டன்வாடி மூன்றையும் கலந்து அவிஷான் என்று ஓர் இனம் செய்திருக்கிறார்கள்.

சரி, அப்பா சொன்ன வழி ஏன் பலிக்கவில்லை? சாதாரண மந்தையில் ஓர் ஆடு இரட்டை போடுவதில் வம்சத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூடத் தேறாது. மற்றதெல்லாம் சந்தைக்காரர் சொன்ன உடம்பு, தீவனம், வயது, மழை, பிறகு அதிர்ஷ்டம். உங்கள் ஆடு இரட்டை போட்டது அந்த வருஷத்துப் புல்லால். அதை எப்படி மகனுக்குக் கொடுக்கும்? கிடாவிடமோ கேட்கவே வேண்டாம், அதற்குச் சினைப்பை கிடையாது. அது எந்த ஜீனை வைத்திருக்கிறது என்று தெரிய மகள்கள் ஈனும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரத்தம் பார்க்க வேண்டும். மார்க்கர் என்கிற இந்த ஜீன் அடையாளத்தின் பிரயோஜனமே அங்கேதான்.

இதிலேயே மூன்றாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. மாசியில் இரட்டை விழாது. எத்தனை முட்டை என்பது பெட்டையின் வேலை. உங்கள் மேச்சேரிப் பெட்டைகள் எந்தக் கிடாவோடு சேர்ந்தாலும் பழையபடி ஒற்றைதான் போடும். அந்தக் குட்டிகளில் பெட்டைகள் வளர்ந்து, சினையாகி, ஈனும்போதுதான் நீங்கள் காசு கொடுத்த சமாச்சாரம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி-பி கிடா என்றால் மகள்கள் அத்தனையும் பி-பிளஸ். பி-பிளஸ் கிடா என்றால் பாதிதான், எந்தப் பாதி என்று தெரிய ஒவ்வொரு பெட்டைக்குட்டிக்கும் டெஸ்ட் செலவு. 48,000 என்பது பி-பி விலை என்றால், பி-பிளஸ் கிடாவுக்கு அதைக் கொடுக்கக் கூடாது.


வெள்ளாட்டுக்காரன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டாக்டர் சார், வெள்ளாட்டுக்கும் இப்படி ஏதாவது உண்டா? என்னிடம் கொம்பில்லாத கிடா ஒன்று, கொம்பில்லாத பெட்டைகள் நாலு. முட்டித் தள்ளும் தொல்லை இல்லை என்று தேடிப்பிடித்துச் சேர்த்தேன். போன ஈற்றில் பிறந்த ஒரு குட்டி பெட்டை போல இருக்கிறது, ஆனால் ஒன்றரை வயசாகியும் பலிக்கு வரவில்லை, மற்ற பெட்டைகள் மேல் ஏறுகிறது. குறி இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் பயறு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது.


ஊசி டாக்டர்:

அந்தக் குட்டியை இனிமேல் சினைக்கு எதிர்பார்க்காதீர்கள், கறிக்குத்தான் ஆகும். நீங்கள் சொல்வது வெள்ளாட்டில் பழைய பிரச்சினை. கொம்பில்லாமல் செய்கிற மாற்றமும் பெட்டையைப் பாதி ஆணாக்குகிற மாற்றமும் ஒன்றேதான். முதலாம் குரோமோசோமில் பதினோராயிரத்துச் சொச்சம் எழுத்துகள் விடுபட்டுப்போன ஓர் இடம். ஒரு பிரதி இருந்தால் கொம்பு வராது, வேறு கெடுதல் இல்லை. இரண்டு பிரதியும் ஒரு பெட்டைக்குட்டிக்கு வந்துவிட்டால் இப்படி ஆகும். இதையும் 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். டெஸ்ட் எதுவும் தேவையில்லை, சேர்க்கையில் கிடாவோ பெட்டையோ ஒன்றுக்குக் கொம்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கொம்புள்ள கிடாவாக மாற்றிவிடுங்கள்.

செம்மறிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். மேச்சேரியில் கொம்பில்லாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் 'டபுள் என்றால் டபுள் நல்லது' என்று நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தின் ராம்னி ஆடுகளில் இன்வர்டேல் என்று வேறொரு குட்டிப்பேற்று ஜீன் இருக்கிறது. ஒரு பிரதி இருந்தால் இரட்டை கூடும். இரண்டு பிரதி வந்த பெட்டை சுத்த மலடு, சினைப்பையே வளராது. ஃபெக்-பியில் அப்படி மலடாகாது, நல்லவேளை. ஆனால் இரண்டு பிரதி கொண்ட பெட்டை மூன்றும் நாலும் போட்டுத் தொலைக்கும். அது நமக்கு வேண்டாம்.


கொடாப்பு அக்கா:

தம்பி, டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அவர் சொன்னது குட்டி பிறக்கிறவரைக்கும் உள்ள கதை. அதற்கப்புறம் உள்ளதை நான் சொல்கிறேன். நாங்கள் தாராபுரத்துக்குப் பக்கம். ஆறு வருஷம் முன்னால் இதே வழிக் கிடா ஒன்று வாங்கினோம், பி-பி, இரண்டு தடவை டெஸ்ட் பார்த்துத்தான். இப்போது பட்டியில் 19 பி-பிளஸ் பெட்டைகள் இருக்கின்றன.

முதல் வருஷம் ஏழு பெட்டை ஈன்றன. நாலு இரட்டை, ஒரு மூன்று, இரண்டு ஒற்றை. 13 குட்டி. தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மாசத்தில் 8 குட்டிதான் மிச்சம். முதல் ஈற்று ஆட்டுக்குப் பால் எங்கே இருக்கும்? ஒரு குட்டி காம்பைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்று ஓரமாக நின்று கத்தும், ராத்திரி பனியில் விறைத்துவிடும். என் கண்ணில் இன்னும் நிற்பது அந்த மூன்றில் கடைசிக் குட்டி. உள்ளங்கையில் வைத்துச் சமையல் தராசில் போட்டேன், 1 கிலோ 150. தாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த ஜீன் முட்டையைத்தான் கூட்டும், பாலைக் கூட்டாது. இது எனக்கு ஐந்து குட்டி செத்த பிறகுதான் உறைத்தது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். சினை இரண்டு மாசத்தில் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்கேன் பார்த்து, இரட்டை உள்ளதுக்கு முதுகில் நீலச் சாயம் அடித்துவிடுவோம். கடைசி ஆறு வாரத்தில்தான் வயிற்றுக்குட்டிக்கு எடை ஏறும். அப்போது நீலம் அடித்ததை மட்டும் மத்தியானமே கொரங்காட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து, ஒன்றுக்கு 300 கிராம் மக்காச்சோளமும் புண்ணாக்கும் கலந்து, வெள்வேல நெற்று ஒரு கை சேர்த்துப் போடுவோம். இதைச் செய்யாத வருஷம் இரண்டு ஆடு ஈனுவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே தீனி எடுக்காமல் தலை தொங்கிப் படுத்துவிட்டன. வயிற்றில் இரண்டு, வாயில் ஒன்றுமில்லை என்றால் உடம்பு எங்கே போகும்.

குட்டி விழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டுக்கும் சீம்பால் இறங்கியிருக்க வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், தட்டையாக இருந்தால் நானே பீய்ச்சி ஊட்டுவேன். தாயையும் இரண்டு குட்டிகளையும் மூன்று நாள் தனித் தட்டியில் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றை மறந்துவிட்டு மற்றதோடு போய்விடும். மேய்ச்சலுக்குப் போகிற நேரம் குட்டிகள் கொடாப்புக்குள், அதாவது கவிழ்த்து வைக்கிற கூடைக்குள். பால் பத்தாததற்கென்றே இரண்டு வெள்ளாட்டுப் பெட்டை வைத்திருக்கிறேன். யாருக்காவது குட்டி செத்துப் பிறந்தால் அந்தத் தோலை உரித்து, உபரிக் குட்டி மேல் போர்த்தி விடுவோம். எங்கள் மாமியார் காலத்து வேலை அது, இன்றைக்கும் பலிக்கிறது.

போன சுற்றில் 19 ஆட்டுக்கு 8 ஒற்றை, 10 இரட்டை, 1 மூன்று. 31 குட்டி பிறந்தது, 27 தேறியது. ஒற்றைக் குட்டி சராசரி 2.6 கிலோ, இரட்டை 1.9. அதே மழை, அதே காட்டில் என் மேச்சேரி 20 ஆட்டுக்கு 20 குட்டி, தேறியது 18. பார்த்தீர்களா, 38 குட்டி எல்லாம் வராது. 'எல்லாம் இரட்டைதான்' என்று சொல்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

விற்பனையில் ஓர் இழப்பும் உண்டு. மேச்சேரித் தோலுக்கும் நிறத்துக்கும் உள்ள மதிப்பு கலப்புக் குட்டிக்குக் கிடைக்காது. வியாபாரி தடவிப் பார்த்ததுமே, 'என்னக்கா ரோமம்' என்று குறைப்பான்.

உங்களுக்கு இராத்திரி எழுந்து பார்க்க ஆள் இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.


கொரங்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் ஐயா, நீங்கள் உயரத்தைப் பார்க்கச் சொன்னதும் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து எண்களுக்கு மேல் உயரத்தில் மட்டும் ஒற்றைக் கோடு. ஆறாம் எண்ணுக்கு அந்த உயரத்தில் ஒன்று, கீழே ஒன்று. ஏழாம் எண் கலங்கலாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நாலாம் எண்ணுக்கு மட்டும் மேலே எதுவுமே இல்லை, கீழே பளிச்சென்று ஒரே கோடு! நீங்கள் கேட்ட பி-பி, பிளஸ்-பிளஸ் மாதிரிகள் என்று படத்தில் எதையும் குறிக்கவில்லை.

விற்கிறவரைக் கூப்பிட்டு நாலாம் எண் எது என்று கேட்டேன். அதுவும் அவர் பட்டியில்தான் நிற்கிறதாம். 'அதுக்கு ஒத்தக் கோடுங்க, ஜீன் இல்லாதது, வேணும்னா 20,000-க்கு எடுத்துக்குங்க' என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் நினைப்பது சரியா?

அக்கா, இராத்திரிக்கு நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. 42 ஆட்டுக்கு முடியாது என்று உங்கள் பதிவைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.


ஊசி டாக்டர்:

சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் படத்தை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். படத்தில் நாலாம் எண் எந்தக் கிடா என்று எப்படித் தெரியும்? அந்தக் கிடாவின் காது வில்லை எண் ரிப்போர்ட்டில் இருக்கிறதா? நான் பார்த்த தவறுகளில் பாதி ஆய்வகத்தில் நடந்ததில்லை, பட்டியில் குழாயில் பெயர் எழுதும்போது நடந்தது. இரண்டு கிடாவுக்கும் நீங்கள் முன்னால் நிற்கும்போதே கழுத்து நரம்பில் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாய், இரண்டு மில்லி போதும், எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். காது வில்லை எண்ணைக் குழாயின் மேலேயே எழுதுங்கள், மூடியில் எழுதினால் மாறிப்போகும். ஐஸ் டப்பாவில் அனுப்பலாம், உறைய விடக் கூடாது.

பி-பி என்று உறுதியானால் 42 ஆட்டுக்கும் விடாதீர்கள். பத்துப் பன்னிரண்டைப் பிரித்து, நல்ல மடி உள்ளதாகப் பார்த்து, அவற்றுக்கு மட்டும் விடுங்கள். மற்ற முப்பதுக்கும் உங்கள் மேச்சேரிக் கிடாவே. அந்த வழி சுத்தமாக இருக்கட்டும், நாளைக்கு இது சரிவரவில்லை என்றால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். பிறக்கிற பி-பிளஸ் மகள்களுக்கு மறுபடி மேச்சேரிக் கிடாதான். தகப்பனையே மகளுக்கு விட்டீர்களானால் பாதிப் பெட்டை பி-பியாகிவிடும், கொடாப்பு அக்காவின் 1 கிலோ 150 உங்கள் வீட்டிலும் பிறக்கும். கலப்புக் கிடாக்குட்டிகளை ஒன்றுவிடாமல் கறிக்குக் கொடுத்துவிடுங்கள், ஒன்று தப்பினாலும் எல்லாம் கலந்துவிடும்.


சந்தைக்காரர்:

விற்கிறவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாங்குவீர்களா, சொல்லாமலா?


கொரங்காட்டான்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சந்தைக்காரர் அண்ணன் கேட்டது இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சொல்லிவிட்டேன். எப்படியும் இரத்தம் எடுக்க ஒரு காரணம் சொல்லியாக வேண்டும், நான் பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும். முதலில் அவர் நம்பவில்லை. டெஸ்ட் செலவை ஆளுக்குப் பாதி என்று பேசி, எங்கள் ஊர் டாக்டரையே கூட்டிக்கொண்டு போய் எடுத்தோம். குழாயில் நானே எழுதினேன்.

ரிப்போர்ட் வந்தது. ஆறாம் எண் கிடா பி-பிளஸ். நாலாம் எண் பி-பி. இந்தத் தடவை ஜெல்லில் தெரிந்த மாதிரிகளும் ஓரத்தில் ஓடியிருந்தன.

20,000 கிடா அன்றைக்கே 45,000 ஆகிவிட்டது. பேசிப் பேசி 38,000-க்கு முடித்தேன். பட்டியில் இறக்கியதும் நாலு பெட்டை அதன் ரோமத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போய்விட்டன. மறுநாள் சரியாகிவிட்டது. 12 பெட்டை பிரித்து விட்டிருக்கிறேன், எல்லாம் மூன்றாம் நாலாம் ஈற்று ஆடுகள், மடி பார்த்து எடுத்தவை. மாசி முதல் வாரத்தில் ஈற்று தொடங்கும்.

மாசியில் ஒற்றைக் குட்டிதான் பிறக்கும், இரட்டை வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, 'அதுக்கா முப்பத்தெட்டாயிரம்' என்று எழுந்து போய்விட்டார்.

டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். இந்தக் கிடாவின் குட்டிக்கும் மேச்சேரிக் குட்டிக்கும் பிறந்த அன்று வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன செய்வது? காது வில்லை எத்தனை நாளில் போடலாம்?


ஊசி டாக்டர்:

தாய் நக்கிக் காயவைத்து, சீம்பால் குடித்ததும் அன்றைக்கே போடுங்கள். சின்ன வில்லையாக வாங்குங்கள், மாட்டுக்குப் போடுவது குட்டியின் காதைக் கிழித்துவிடும். வில்லை கைவசம் இல்லையென்றால் கழுத்தில் சிவப்பு நூல், நோட்டில் தாய் எண். 12 ஆட்டையும் மாசி முடியும் வரை தனித் தட்டியிலேயே வையுங்கள்.


கொடாப்பு அக்கா:

நூல் கட்டினால் தளர்வாகக் கட்டுங்கள் தம்பி. குட்டி வாரத்துக்கு வாரம் வளரும், கழுத்தை இறுக்கிவிடும்.